மேட்டு வீட்டின் உயரம்

எங்கள் தெருவில் பதினான்கு வீடுகள். பன்னிரண்டாம் எண் வீட்டை மட்டும் யாரும் எண் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. மேட்டு வீடு என்றால் தபால்காரருக்கும் தெரியும், சிலிண்டர் கொண்டு வருகிறவருக்கும் தெரியும். அந்த வீட்டு மாடியின் ஒற்றை அறையில் இரண்டு வருடம் குடியிருந்தேன். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை. மாலை ஆறரையிலிருந்து எட்டரை வரை நில அளவை வகுப்பு. வகுப்பிலிருந்து வந்ததும் அன்றைக்கு நடந்ததை ஒரு நீள நோட்டில் எழுதி வைப்பேன். அந்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அளவுகள் எல்லாம் அதில் சரியாக இருக்கின்றன. யார் எந்தக் குரலில் என்ன சொன்னார்கள் என்பதில்தான் எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை.

கீழே அக்கா தனியாக இருந்தார். வயது ஐம்பத்தாறு. கணவர் காலமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. மகள் வேறு ஊரில். கண்ணாடிக் கடைகளுக்கு லென்ஸ் தேய்த்துக் கொடுப்பது அக்காவின் தொழில். முன் கூடத்தின் மூலையில் தேய்க்கிற மெஷின் இருந்தது. உருளைக் கல் சுற்ற, அதன்மேல் தண்ணீர் சொட்ட, வட்ட லென்ஸை இரண்டு விரலால் பிடித்து ஃப்ரேமின் வடிவத்துக்கு ஓரம் தேய்ப்பார். வெள்ளை மாவு போலத் தேய்ந்தது வழியும். முழங்கை வரை அந்த வெள்ளை காய்ந்திருக்கும். நான் வேலைக்குக் கிளம்பும்போது கல் சுற்றும் சத்தம் கேட்கும். திரும்பி வரும்போது டி.வி. சத்தம் கேட்கும். டி.வி.யை அவர் பார்த்து நான் கண்டதில்லை. யாராவது பேசிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் கூடம் நிறைவது மழைக்காலத்தில் மட்டும்தான். ஒன்பது வருடத்துக்கு முன் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றபோது மேட்டு வீட்டில் இரண்டாவது படியோடு நின்றுவிட்டது. அதற்கு முன்பு இரண்டு தடவையும் அப்படித்தான். அதிலிருந்து ஒரு வழக்கம் உண்டாகியிருந்தது. பெருமழை என்று ரேடியோவில் சொன்ன உடனே அக்கா கூடத்தைக் காலி செய்து, சாக்பீஸால் தரையில் கட்டம் போடுவார். வீட்டுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குள் வீட்டு எண். அவரவர் பெட்டியும் மிக்ஸியும் பத்திரங்கள் வைத்த பையும் அவரவர் கட்டத்துக்குள் வந்து உட்காரும். ஜன்னலோரக் கட்டம் எதிர் வீட்டுத் தையல்காரருடையது. மூன்று மெஷினையும் கொண்டு வந்து, மழை விடுகிற வரை அங்கேயே உட்கார்ந்து தைப்பார். நான் வந்த முதல் வருடம் தண்ணீர் பாதம் நனையும் அளவுக்குத்தான் வந்தது. ஆனாலும் மூன்று நாள் கூடத்தில் முப்பது பேர். அக்கா பெரிய பாத்திரத்தில் டீ போட்டு, "பதினொன்னாம் நம்பர், சர்க்கரை கம்மி, வாங்க" என்று கூப்பிட்டதை நான் மாடிப்படியில் நின்று கேட்டிருக்கிறேன். அவ்வளவு உரத்த குரல் அவரிடம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

பாலிசிக்காரரை அனுப்பி வைத்தது மகள். "வீட்டுக்கு வெள்ளத்துக்கும் சேத்து ஒரு இன்சூரன்ஸ் போட்டுடும்மா, எனக்கு நிம்மதியா இருக்கும்" என்று போனில் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். பாலிசிக்காரர் முன்பு ஸ்கூல் வேன் ஓட்டியவர். பேசும்போது இன்னும் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டேயிருக்கும். படிவத்தில் இங்கிலீஷ் இருந்ததால் அக்கா என்னையும் கீழே கூப்பிட்டார்.

"கட்டடத்துக்கு ஒரு தொகை, உள்ள இருக்கிற சாமானுக்கு ஒரு தொகைக்கா. ரெண்டும் தனித்தனி. கட்டடத்துக்கு மட்டும் போட்டுட்டு மெஷின் நனைஞ்சா என்னைத் திட்டக் கூடாது."

"வெள்ளம்னா எது வெள்ளம்? எங்க வீட்டு டேங்க் நிறைஞ்சு வழிஞ்சாலும் குடுப்பீங்களா?"

"டேங்க் வழிஞ்சா அது உங்க மறதி. ரோட்டுலேருந்து வாசலேறி வந்தாத்தான் வெள்ளம்."

"எங்க வீட்டுக்கு அது வந்ததே இல்லையே."

"அதான் உங்களுக்கு லாபம். இந்தாங்க, எட்டாவது கேள்வி. ரோட்டு மட்டத்துலேருந்து வீட்டுத் தரை எவ்வளவு உயரம். ரெண்டடின்னு எழுதிக்கவா? மேட்டு வீடுன்னு ஊருக்கே தெரியும். பிரீமியமும் குறையும்."

அக்கா படிவத்தின் மேல் கையை வைத்தார். "அப்படி உத்தேசமா எல்லாம் எழுத வேணாம். உத்தேசமா பவர் போட்டா ஒரு வாரத்துல தலைவலின்னு திரும்பி வருவாங்க. மாடில அளக்கப் படிக்கிற பொண்ணு இருக்கு. அளந்து எழுதுவோம். ரெண்டடிக்கு மேலயே இருக்கும்."

அதை அவர் பெருமையோடுதான் சொன்னார். எனக்கும் சந்தோஷமாக இருந்தது. வகுப்பில் அந்த மாதம் மட்டம் பார்ப்பதுதான் பாடம். ஒரு தெருவை அளந்து வரச் சொல்லியிருந்தார்கள்.

கொத்தனார்கள் வைத்திருக்கிற டியூப் போதும். உள்ளே இருப்பது தெரிகிற இருபது மீட்டர் பிளாஸ்டிக் டியூப், அதில் தண்ணீர். காற்றுக் குமிழ் இல்லாமல் நிரப்பி, இரண்டு முனையையும் தூக்கிப் பிடித்தால், எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படித்துக் கழிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா வாசற்படியில் ஒரு முனையைப் பிடித்தார். நான் ரோட்டின் நடுவில் மறு முனையைப் பிடித்தேன். கட்டைவிரலை எடுத்ததும் தண்ணீர் ஏறி இறங்கி ஆடும். ஆடி முடிந்ததும் அக்கா "நின்னுச்சு" என்பார்.

பதினொரு சென்டிமீட்டர் வந்தது.

டியூபில் காற்று இருக்கும் என்று நினைத்து மறுபடி நிரப்பினேன். பதினொன்று. அளவுகோலைத் தலைகீழாகப் பிடித்தேனோ என்று பார்த்தேன். இல்லை.

"அப்படின்னா எவ்வளவு?" என்றார் அக்கா.

"ஆறு விரல்க்கா."

"என்ன ஆறு விரல்?"

"உங்க வாசப்படி ரோட்டவிட ஆறு விரல்தான் உசரம்."

அக்கா படியைப் பார்த்தார். "மூணு படி இருந்துச்சு" என்றார். "ரோடு போடறப்ப முதல் படி போச்சு. அப்புறம் இன்னொரு தடவை போட்டாங்க, ரெண்டாவதும் போச்சு. முட்டி வலிக்கு நல்லதாப் போச்சுன்னு நானே சொன்னேன்."

படிகள் போனதைத் தெருவே பார்த்திருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுத் தார் போட்டதையும் பார்த்திருக்கிறது. ஆனால் படி குறைந்தால் மேடும் குறையும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மேட்டு வீடு என்ற பேர் அப்படியே இருந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக இடித்துக் கட்டும்போது, வெள்ளத்துக்குப் பயந்து, தரையைத் தூக்கிக் கட்டிக்கொண்டார்கள். மேட்டு வீட்டுக்கு அந்தப் பயம் இருக்கவில்லை.

அடுத்த ஞாயிறும், அதற்கடுத்த ஞாயிறும் அளந்தோம். மூன்றாவது தடவை அக்கா என்னைப் படியில் நிறுத்திவிட்டுத் தானே ரோட்டில் நின்று படித்தார். பிறகு டியூபைக் கீழே போட்டார்.

"ஒரு லென்ஸ் மூணு தடவையும் ஒரே பவர் காட்டுச்சுன்னா மெஷின்ல தப்பில்ல" என்றார்.

அக்காவின் வாசற்படியைப் பூஜ்யம் என்று வைத்து, எல்லா வீட்டுத் தரையின் உயரத்தையும் அவரவர் வாசலில் நின்றபடியே தோராயமாக நான் ஏற்கெனவே எடுத்திருந்தேன். பதினான்கு வீட்டில் மேட்டு வீடு பதின்மூன்றாவது. அதற்கும் கீழே இருந்தது, நாலு வருடமாகப் பூட்டிக் கிடக்கிற கடைசி வீடு மட்டும்தான். இதை அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று இரண்டு நாள் வைத்திருந்து, சொன்னேன். அவர் மெஷினை நிறுத்தவில்லை.

"முன்னாடி மாதிரி முழங்கால் தண்ணி வந்தா இந்தக் கூடத்துல எவ்வளவு நிக்கும்?"

"நிச்சயமாச் சொல்ல முடியாதுக்கா. தெருக் கோடில தண்ணி போய் நிக்கிற காலி இடத்துலயும் இப்ப கட்டடம் வந்தாச்சு. ஒரு ஜாணுக்குக் குறையாது."

"எல்லாரோட சாமானும் தரைலதான் இருக்கும்."

"ஆமாக்கா. தெருவுல சொல்லிடணும்."

"சொல்றேன். மழைக்கு இன்னும் நாள் இருக்கு."

பாலிசிக்காரர் பதினொன்று என்ற எண்ணைப் பார்த்து வலது காலை அழுத்தினார். "என்னக்கா, மேட்டு வீட்டைக் கொண்டு போய்ப் பள்ளத்துல போட்டுட்டீங்க. ரெண்டடின்னா எவன் வந்து அளக்கப் போறான்?"

"தண்ணி வந்து அளக்கும்" என்றார் அக்கா. "அன்னிக்கு உங்க ஆளு வந்து, பொய் எழுதினீங்க, போங்கன்னுடுவாரு. சரி, இங்க மத்தவங்க சாமான் இருந்தா அதுக்கும் சேருமா?"

"சேராதுக்கா. உங்க சாமானுக்கு மட்டும்தான். அப்புறம், இன்னிலேருந்து பதினஞ்சு நாள் கழிச்சுத்தான் வெள்ளத்துக்குப் பொறுப்பு. மேகத்தைப் பாத்துட்டு ஓடி வர்றவங்க இருக்காங்கல்ல, அதுக்காக."

அக்கா கையெழுத்துப் போட்டார். தெருவில் மட்டும் சொல்லவில்லை. தினமும் காலையில் நான் இறங்கும்போது என் முகத்தைப் பார்த்து, "இன்னிக்குச் சொல்லிடறேன்" என்பார். தையல்காரர் எதிரிலேயேதான் இருந்தார். குரல் கொடுத்தால் கேட்கிற தூரம். ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. அந்தக் கூடத்தில் முப்பது பேரைப் பார்த்த ஒருவருக்கு அதைக் கேட்கத் தோன்றாது.

பதினைந்து நாள் வரை மழை காத்திருக்கவில்லை. ஒன்பதாவது நாள் மதியம் ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். கடையை அடைத்துவிட்டு வரச் சொன்னதால் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டேன். அக்கா காலியான கூடத்தின் நடுவில் சாக்பீஸோடு நின்றிருந்தார். தரையில் ஒரு கோடுகூட இல்லை.

தையல்காரர் தள்ளுவண்டியில் மூன்று மெஷினையும் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். பின்னால் அவர் மனைவி தலைமேல் ஒரு முறத்தைக் கவிழ்த்துப் பிடித்திருந்தார்.

"அக்கா, கட்டம் போட்டாச்சா? ஜன்னலோரம் என்னுது, இப்பவே சொல்லிட்டேன்."

அக்கா படியில் இறங்கி நின்றார். மழை அவர் மேல் விழுந்தது. "தம்பி, வண்டியத் திருப்புங்க."

"ஏங்க்கா, தரை ஈரமா? பரவால்ல, தொடச்சுக்கலாம்."

"இங்க வைக்க வேணாம். இந்தத் தடவை தண்ணி உள்ள வரும்."

தையல்காரர் சிரித்தார். "மேட்டு வீட்டுக்குத் தண்ணி வந்தா அப்புறம் நாங்கல்லாம் செவுள் வெச்சுக்கிட்டு நீந்த வேண்டியதுதான்."

"விளையாட்டில்ல தம்பி. என் தரை உங்க தரையவிடக் கீழ இருக்கு. நீங்க இடிச்சுக் கட்டறப்ப தூக்கிக் கட்டினீங்கல்ல. உங்க வீட்டுலயே கட்டில் மேல ஏத்தி வைங்க. அது போதும்."

"என் வீட்டுல முழங்கால் தண்ணில மெஷினைத் தேடினவன்க்கா நான்."

"அது பழைய வீடு."

"இடம் அதே இடம்தானே?"

நான் குறுக்கே போனேன். "நான் அளந்தேங்க. மூணு தடவை."

"பாப்பா, நீ ரெண்டு வருஷமா இங்க இருக்கே. நான் இருபத்தாறு வருஷமா இருக்கேன்." அதைக் கோபமில்லாமல்தான் சொன்னார். "எப்ப அளந்தே?"

"முதல் தடவை அளந்து மூணு வாரம் ஆச்சு."

கேட்ட பிறகுதான் அவர் முகம் மாறியது. அக்காவைப் பார்த்தார். "மூணு வாரமா தெரியுமாக்கா? எதிர் வீட்டுல இருக்கேன், ஒரு வார்த்தை சொல்லல?"

தையல்காரரின் மனைவி முறத்துக்கு அடியிலிருந்து பேசினார். "உங்களுக்கு இன்னும் புரியலயா? பாலிசிக்காரர் ரெண்டு தடவை வந்து போனாரு. ஊரான் சாமான் இருந்தா பணம் வராதுன்னு சொல்லியிருப்பாரு. அதை நேரா சொல்ல வாய் வரல, தண்ணி மேல பழி. வாங்க, எங்க அண்ணன் வீட்டுக்குப் போவோம்."

"அப்படியில்லம்மா" என்றார் அக்கா.

"இருக்கட்டும்க்கா. உங்க வீடு, உங்க தரை."

அண்ணன் வீடு மூன்று தெரு தள்ளி. அவர்கள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்துப் பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். ஏழாம் எண் வீட்டிலிருந்து ஒரு பீரோ பாதித் தெரு வரை வந்து திரும்பியது. அக்கா ஒவ்வொருவரிடமும் அதே மூன்று வாக்கியத்தைச் சொன்னார். நாலாவது ஆளிடம் சொல்லும்போது குரல் ஏதோ ஒப்பிப்பது போல ஆகிவிட்டது. அப்படிக் கேட்டால் எனக்கே நம்பிக்கை வந்திருக்காது.

பிறகு அவருடைய சாமான்களை நாங்கள் இருவரும் ஏற்றினோம். தேய்க்கிற மெஷினை மேசை மேலே. அரிசிப் பாத்திரத்தைக் கட்டில் மேலே. லென்ஸ் பெட்டிகளை என் அறைக்கு. இருட்டுவதற்குள் தண்ணீர் ரோட்டை மூடி வாசற்படியைத் தொட்டது. படியின் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு மேலே போனேன். என் கணக்கு சரியாக இருக்க வேண்டும் என்று நினைத்தேனா, தப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்தேனா என்பதை அன்றைக்கு நோட்டில் எழுதவில்லை.

விடியும்போது மழை இல்லை. வந்த மேகம் பாதியில் வேறு பக்கம் திரும்பிவிட்டதாக ரேடியோ சொன்னது. கீழே போனேன். தண்ணீர் தரைக்கு இரண்டு விரல் கீழே வரை ஏறி, இறங்கத் தொடங்கியிருந்தது. அக்கா காய்ந்த கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சாமான்கள் எல்லாம் உயரத்தில் இருந்ததால் கூடம் யாரோ காலி செய்துவிட்டுப் போன வீடு போலிருந்தது.

"வரலக்கா" என்றேன்.

"வந்திருக்கலாம்" என்றார்.

முன்பு முழங்கால் வெள்ளத்தில் ஒரு முழுப் படி மிச்சமிருந்தது, இந்த அரை மழைக்கே இரண்டு விரல்தான் மிச்சம் என்று நான் விளக்க ஆரம்பித்தேன். அவர் தலையாட்டினார். அது அவருக்குத் தெரியும். வெளியே ஒவ்வொருவராகத் தங்கள் மூட்டைகளோடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் மேட்டு வீட்டு வாசலைப் பார்த்தார்கள். ஈரமில்லாத தரையைப் பார்த்தார்கள். அண்ணன் வீட்டுக்குப் போகும் வழியில் தையல்காரரின் வண்டிச் சக்கரம் தண்ணீருக்குள் தெரியாத குழியில் இறங்கி, ஒரு மெஷின் விழுந்து அதன் கை உடைந்துவிட்டது என்று ஜெராக்ஸ் கடையில்தான் கேள்விப்பட்டேன். அக்காவிடம் நான்தான் சொன்னேன். அவர் அன்று கல்லைச் சுற்ற விடவில்லை.

ஆறு நாள் கழித்து, வேலைக்குக் கிளம்பும் நேரத்தில், மாடிப்படியில் செருப்புச் சத்தம். தையல்காரர். படி வீட்டின் வெளிப்புறமாக, அக்காவின் ஜன்னலை ஒட்டி ஏறுகிறது. அக்காவுக்குக் கேட்கக் கூடாது என்று மெதுவாக ஏறி வந்திருந்தார்.

"பாப்பா, கடைசி வீட்டுக் கதவுக்கு அடியிலேருந்து இன்னும் தண்ணி வடிஞ்சிட்டிருக்கு. பாத்தியா?"

"பாத்தேங்க."

"அந்த வீடு மேட்டு வீட்டவிட எவ்வளவு கீழ?"

"மூணு விரல்."

அவர் விரல்களை மடக்கிப் பார்த்தார். "அப்ப தப்பிச்சது மழையால. மேட்டால இல்ல." சற்று நேரம் கைப்பிடிச் சுவரைத் தட்டிக்கொண்டிருந்தார். "நானும் ஒரு பாலிசி போடலாம்னு இருக்கேன். எட்டாவது கேள்விக்கு அளவு வேணுமாம். என் வீட்டையும் ஒழுங்கா அளந்து குடுக்கறியா?"

"ஞாயித்துக்கிழமை அளக்கலாம். ஆனா பூஜ்யத்துல ஒருத்தர் டியூபைப் பிடிக்கணும்."

"பூஜ்யம் எங்க இருக்கு?"

"கீழ. அக்கா வாசப்படி."

"வேற எங்கயாவது மாத்திக்க முடியாதா?"

முடியும். நகராத எந்த இடமும் பூஜ்யமாக இருக்கலாம் என்பதுதான் வகுப்பில் முதல் நாள் சொன்ன பாடம். அவர் வீட்டை அவர் வாசல் ரோட்டிலிருந்தே நேராக அளந்துவிடலாம். பத்து நிமிட வேலை.

"முடியாதுங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூப் ரோட்டின் குறுக்கே கிடந்தது. இந்த முனையில் அக்கா, அந்த முனையில் தையல்காரர். நான் நடுவில் நோட்டோடு நின்றேன். சைக்கிள்காரர்கள் இறங்கித் தாண்டிப் போனார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் பதினைந்து அடி இருக்கும்.

"நின்னுச்சு" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "அங்க நின்னுச்சான்னு கேளு" என்றார்.

"நின்னுச்சுன்னு சொல்லு பாப்பா" என்றார் தையல்காரர்.

இரண்டு பக்கமும் போய்ப் படித்தேன். மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். இரண்டு பேரும் கட்டைவிரலை வைத்து மூடிக்கொண்டு நின்றார்கள்.

"மெஷின் என்னாச்சுன்னு கேளு" என்றார் அக்கா.

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியிருக்கவில்லை.

தையல்காரர் டியூபையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெல்டிங் வெச்சுப் பாத்தேன், நிக்கல" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

"மூணு வாரம் முன்னாடியே சொல்லியிருக்கணும்" என்றார் அக்கா.

"ஆமா."

அவ்வளவுதான். தண்ணீர் மறுபடி ஆடி நின்றது. தையல்காரர் வீட்டுத் தரை மேட்டு வீட்டைவிட இருபத்தேழு சென்டிமீட்டர் உயரம். அந்த எண்ணை உரக்கச் சொன்னேன். தையல்காரர் தலையாட்டி, தன் முனையைச் சுருட்டி என்னிடம் கொடுத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவைச் சாத்தவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை.

அக்கா தன் முனையை இன்னும் தூக்கிப் பிடித்திருந்தார்.

"அடுத்தது எந்த வீடு?"

"இன்னிக்கு இவங்க மட்டும்தான்க்கா."

"ம்."

"விட்டுடலாம்க்கா. கை வலிக்கும்."

"நீ எழுதி முடி. அதுவரைக்கும் பிடிச்சிட்டிருக்கேன்."

எழுத ஒரே ஒரு எண்தான் இருந்தது. அக்கா நின்ற படியிலேயே உட்கார்ந்து, தேதி, கிழமை, வீட்டு எண், பிடித்தவர் பெயர் என்று மெதுவாக ஒவ்வொன்றாக எழுதினேன்.